ஸ்டெல்லாவின் மூக்கு

தவக்காலத்தில் நாங்கள் ஊரோடு மாதா கெபிக்கு (குகை போன்ற கோயில்) செருப்பில்லாமல் நடந்து போவோம். இந்த முறை வெயில் கடுமை. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் எல்லோரும் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேல் குதித்துக் குதித்து நடந்தார்கள். நான் தார் மேலேயே நிமிர்ந்து நடந்தேன். சுடவில்லை. "எல்லாம் மாதா கிருபை" என்று பெருமையாகச் சொன்னேன். பிள்ளைகளே, அதுதான் என் நோயின் முதல் அடையாளம்.

உள்ளங்காலில் கொப்புளம் வந்து உடைந்தது. வலியில்லை. அந்தக் காலோடு திண்டிவனம் மண்டியில் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை எடை போட்டேன். ஒரு வாரத்தில் ஈ வந்தது. வலி வரவில்லை, ஈதான் வந்தது.

விழுப்புரத்தில் டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். "தொடுறது தெரியுதா?" என்றார். "தொட்டீங்களா சார்?" என்றேன். நடைப்பயண விஷயத்தையும் சொன்னேன்.

"அது கிருபை இல்லீங்க, சக்கரை" என்றார். நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு மரத்துப்போவது) என்று பெயர். "தினமும் கட்டு மாத்துங்க. காலைப் பாருங்க. வலி சொல்லாது, நீங்கதான் பாக்கணும்."

நான் பார்க்கவில்லை. என் மனைவி ரெஜினா கட்டு மாற்றும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊறிப் புளித்த பிண்ணாக்கு நாற்றம். பஞ்சில் ஒட்டிய மஞ்சள் சீழ். அந்தக் கால் என்னுடையது என்று நினைத்தாலே குமட்டும்.

ஒருநாள் மாலைச் செபத்தில் என் மகள் ஸ்டெல்லா பாவாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வயது ஒன்பது.

"அப்பன் நாறுறனா? வெளிய போய் உக்காந்து செபம் பண்ணு, போ!"

போய்விட்டாள். ஐந்து நாள் அவளோடு பேசவில்லை. அந்த ஐந்து நாளும் "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்று சத்தமாகச் செபம் சொன்னேன். அவள் வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்து சொன்னாள். இப்போது நினைத்தால் சீழைவிட என்னுடைய அந்தக் குரல்தான் எனக்கு அருவருப்பு.

ஆறாம் நாள் காலை கதவோரம் நின்றாள். "அப்பா, திட்டாத. இன்னைக்கு நாத்தம் வேற மாரி கீதுப்பா. நேத்து வரைக்கும் பிண்ணாக்கு. இன்னைக்கு செத்த எலி."

"கட்டு வெள்ளையாத்தானடி கீது" என்றாள் ரெஜினா.

அடிக்கக் கையை ஓங்கினேன். ஆனால் ஸ்டெல்லா மூக்கைப் பொத்தவில்லை. அழுதுகொண்டே மோந்துகொண்டிருந்தாள். கையை இறக்கினேன். முதல்முறையாகக் குனிந்து பார்த்தேன். கட்டுக்கு வெளியே சின்ன விரல் நுனி கருத்திருந்தது.

விழுப்புரம் பஸ்ஸில் ஏறினோம். கட்டுக்கடியில் சீழ் பை கட்டியிருந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

"ரெண்டு நாள் கழிச்சி வந்திருந்தா கணுக்காலோட போயிருக்கும். யாருங்க கண்டுபுடிச்சது?" என்றார் டாக்டர்.

"எம் பொண்ணு மூக்குங்க."

அவளை எப்படி மன்னிப்பது என்றே ஐந்து நாள் யோசித்திருக்கிறேன். அவள் செய்த குற்றம் என்ன என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, "பொறுத்துக்கோ கண்ணு" என்றேன்.

"எதுக்குப்பா? நெஜமாவே நாறுச்சி."

"ஆமாம்மா. நாறுச்சி."

உங்கள் வீட்டிலும் நோயாளி இருந்தால், மூக்கு சுளிப்பது பாவமில்லை, பிள்ளைகளே. சுளித்தபடியே பக்கத்தில் இருங்கள். என்ன மாறியது என்று சொல்லுங்கள்.

முன்பெல்லாம் காலைச் செபத்தை வாயால் ஓட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். இப்போது தரையில் முகக்கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். விரலுக்கு ஒரு மூச்சு நேரம். இல்லாத இரண்டு விரல்களுக்கும் ஒவ்வொரு மூச்சு நிற்கிறேன். அருவருப்பு போகவில்லை. போக வேண்டும் என்று அவசரப்படுவதும் இல்லை. பஸ் போனால் அடுத்த பஸ்.

கடைசியில் ஸ்டெல்லா குனிந்து மோந்து பார்ப்பாள். மூக்கு இன்னும் சுளிக்கும்.

"சோப்பு வாசனைதாம்பா. போ, வேலைக்குப் போ."

அதற்குப் பிறகுதான் செருப்பைப் போடுகிறேன்.