அரியர் வைத்திருக்கும் ஒரு சகோதரிக்காக

எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஜெபக்குறிப்பு வாசிப்பது என் வேலை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் வாரம் ஒரு வீடு. ஷிஃப்ட் முடிந்து வந்த அக்காக்களும் ஆண்ட்டிகளும் பாயில் உட்கார்ந்ததும் ஒரு பிஸ்கட் டப்பா சுற்றி வரும். வேண்டுதல் உள்ளவர்கள் துண்டுச்சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். பெயர் போடக்கூடாது. ‘ஒரு சகோதரி’, ‘ஒரு சகோதரன்’, அவ்வளவுதான். நான் வாசிப்பேன், யாராவது ஒருவர் சத்தமாக ஜெபிப்பார்.

ஒருமுறை, “பக்கத்து வீட்டுக்காரி எங்கள் வாசலில் பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றாதபடி அவள் மனம் மாற” என்று மூச்சுவிடாமல் வாசித்துவிட்டேன். அந்தப் பக்கத்து வீட்டு ஆண்ட்டி எனக்கு எதிரிலேயே இருந்தார். எல்லோரையும்விடச் சத்தமாக “ஆமென்!” என்றார். அடுத்த வாரம் டப்பாவில் அவருடைய சீட்டு: “சின்ன விஷயத்தையெல்லாம் ஜெபக்குறிப்பாக எழுதும் ஒரு சகோதரிக்குப் பெரிய மனசு கிடைக்க.”

இருந்தாலும் நான் விடவில்லை. “மனசுல வெச்சிக்கினு அல்லாடாதீங்க ஆண்ட்டி, எழுதிப் போடுங்க, தெளிவா கேளுங்க” என்று வாராவாரம் உற்சாகப்படுத்துவேன்.

என் மனசில் இருந்ததோ எம்-த்ரீ. இன்ஜினியரிங்கில் மூன்றாவது கணக்குப் பேப்பர். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் போய்விட்டது. வீட்டில் எல்லாம் பாஸ் என்று சொல்லியிருந்தேன். கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெய்னி வேலை. டிகிரி சர்டிஃபிகேட் வந்தால்தான் வேலை நிரந்தரம், இந்தத் தடவையும் இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அம்மாவோ தான் சமைக்கும் ஃபேக்டரி கேன்டீன் முழுக்க, “எம் பொண்ணு இன்ஜினியரு” என்று சொல்லி வைத்திருந்தாள்.

தனியாக ஜெபித்துப் பார்த்தேன். கண்ணை மூடினால் ஃபார்முலாதான் ஓடியது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். அதை நானேதான் எடுத்து வாசித்தேன்.

“ஒரு சகோதரிக்கு இன்ஜினியரிங் கணக்குப் பேப்பர் அரியர் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது. அடுத்த மாதப் பரீட்சையில் பாஸாகி வேலை நிலைக்க ஜெபிக்கவும்.”

தெளிவாகக் கேட்கச் சொன்னவள் நான்தானே! எவ்வளவு தெளிவாக எழுதிவிட்டேன் என்பது வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

பாஸ்டரம்மா சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். ஒரு ஆண்ட்டி மட்டும், “யாரும்மா அது? நம்ம கூட்டத்துல இன்ஜினியரிங் படிச்சது நீ ஒருத்திதானே?” என்றார்.

கதவோரம் உட்கார்ந்திருந்த அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “யாரா இருந்தா இன்னாக்கா? ஆண்டவருக்குத் தெரியும். நான் ஜெபிக்கிறேன்.”

ஜெபித்தாள். “அப்பா, அந்தப் பொண்ணு பெத்தவகிட்டயே சொல்ல பயந்துக்கினு கீது. அந்தப் பயத்தை எடுத்துப்போடும். கணக்குல ஞானத்தைத் தாரும். அந்தத் தாய்க்கும், ஊட்டுக்குப் போனதும் கை நீட்டாம இருக்க கிருபை தாரும் சாமி!”

எல்லோரும் ஆமென் என்றார்கள். நான்தான் முதலில்.

திரும்பி நடக்கும்போது கேட்டாள், “எத்தினி வாட்டி போச்சி?”

“மூணும்மா.”

“மூணா! நான் ஒண்ணுக்குத்தானடி கிருபை கேட்டேன்!”

தெருமுனையிலிருந்து வீடு வரை திட்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போது குரல் இறங்கிவிட்டது. “எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? சரி, துன்னுட்டு ஒக்காந்து படி. ஜெபத்த நாங்க பாத்துக்கறோம், கணக்க நீதான் போடணும்.”

ஜெபம் கேட்டால் ஒரு தொல்லை இருக்கிறது: ஜெபித்த எல்லோருக்கும் நம் மேல் உரிமை வந்துவிடும். பரீட்சை வரை அந்தத் தெருவில் நான் நிம்மதியாக ஒரு ரீல்ஸ் பார்க்க முடியவில்லை. “இன்னாடி போன நோண்டிக்கினு கீற? ஒனக்காக நான் காலைல நாஷ்டாகூட துன்னாம உபவாசம்!” என்று ஜன்னல் வழியே சத்தம் வரும். வாசலில் தண்ணீர் ஊற்றும் ஆண்ட்டி தன் சீரியலின் சத்தத்தைக் குறைத்துவிட்டார். அதுவே ஒரு அற்புதம்தான்.

ரிசல்ட் ஒரு மத்தியானம் வந்தது. அவசரத்தில் பிறந்த தேதியை இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை பக்கம் திறந்தது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். கேன்டீனில் சாப்பாட்டு நேரம், தட்டுகளின் இரைச்சல்.

“ம்மா, பாஸ்!”

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பின்னால் ஒரு குரல், “இன்னாக்கா, புட்டுக்கிச்சா?” அம்மாவோடு சமைக்கும் அக்கா அது. செவ்வாய்க்கிழமை தவறாமல் சிறுவாபுரி முருகனைப் பார்க்கப் போகிறவர். அவரிடமும் சொல்லியிருக்கிறாள்! இன்ஜினியர் என்று பெருமை பேசிய அதே இடத்தில், அரியர் என்றும் சொல்லி எனக்காக வேண்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறாள்.

“பாஸாயிட்டாளாம்டி.”

“பாத்தியா! நான் எங்காளுகிட்ட ரெண்டு வாரமா சொல்லிக்கினு கீறேன்ல!”

“சரி சரி, ரசத்த எறக்கு” என்று அவரை அடக்கிவிட்டு அம்மா போனுக்கு வந்தாள். “மொதல்ல ஸ்தோத்திரம் சொல்லுடி.”

“ஸ்தோத்திரம்மா.”

அந்தப் பக்கத்திலிருந்து “ஆமென்” என்று கத்தியது அந்த அக்காதான்.