ஜரிகை பட்டதும் சுள்ளென்றது

சிங்கப்பூர் தேக்காவில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். அங்கே ஒரு கண்ணாடிக் குவளை உடைந்து என் உள்ளங்கையைக் கிழித்ததில், ஆள்காட்டி விரலுக்குப் போகும் நரம்பு அறுந்துபோனது. டாக்டர் தைத்து இணைத்தார். "நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போல வளரும்" என்றார். விரல் மரத்தே கிடந்தது. ஊசி குத்தினாலும் தெரியாத விரலை வைத்துக்கொண்டு கொக்கி தைக்க முடியாது. வந்த துணிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்; இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள் நான். வேறு என்ன வேலைக்குப் போவது?

தினமும் தையல் டேப்பை எடுத்துத் தழும்பிலிருந்து விரல் நுனிவரை அளப்பேன். ஏழு சென்டிமீட்டர்.

"அளந்தா வேகமா வளருமா?" என்பார் பஸ் ஓட்டும் என் கணவர்.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி தரும் பெண், விரலைத் துணியால் தேய்க்கச் சொல்லியிருந்தார். முதலில் மெத்தென்ற துணி, பழகியதும் சொரசொரப்பானது. எனக்கா துணிக்குப் பஞ்சம்? வெட்டி மீந்த சாட்டின், பருத்தி என்று தேய்த்தேன். இரண்டாம் மாதம் ஒருநாள் பட்டு ஜரிகையால் தேய்த்தபோது, நடு மூட்டுக்கு மேலே ஷாக் அடித்தாற்போல் சுள்ளென்றது. போச்சு, உள்தையல் விட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். மறுபடி ஆபரேஷன் என்பார்களோ என்ற பயத்தில் தேய்ப்பதையே நிறுத்தினேன். மூன்று வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த முறை போனபோது அந்தப் பெண் தழும்பிலிருந்து மெல்லத் தட்டிக்கொண்டே மேலே வந்தார். நடு மூட்டைத் தாண்டியதும் "ஐயோ!" என்று கையை இழுத்துக்கொண்டேன்.

"கரண்ட் மாதிரி நுனிக்கு ஓடுதா ஆன்ட்டி?"

"ஓடுதும்மா. மூணு வாரமா இருக்கு. பயந்து சொல்லல. பிஞ்சு போச்சா?"

அவர் சிரித்துவிட்டார். "நரம்பு இவ்வளவு தூரம் வளர்ந்து வந்துருச்சு லா! போன தடவை இங்க தட்டினப்ப ஒண்ணுமே தெரியலன்னீங்க."

"அப்ப வலிக்கிறது நல்லதா?"

"இந்த வலி ஓகே. வீங்கினா, சிவந்தா, வலி கூடிக்கிட்டே போனா உடனே கூப்பிடுங்க. தேய்க்கிறத மட்டும் நிறுத்தாதீங்க ஆன்ட்டி. தேய்க்கத் தேய்க்கத்தான் இந்தக் கூச்சம் அடங்கும்."

வெளியே காத்திருந்த கணவர், "என்ன சொன்னாங்க? வலிக்குதா?" என்று எழுந்து வந்தார்.

"வலிக்குதுங்க. நல்லா வலிக்குது!"

சிரித்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டு மனிதர் மிரண்டுபோனார். விவரம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நுனி இன்னும் மரத்துத்தான் இருந்தது. ஆனாலும் அன்று சாயந்திரம் ரவிக்கை தைக்கக் கடைக்கு வந்த ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பவில்லை. "கொஞ்சம் நாளாகும், பரவாயில்லையா?" என்று கேட்டு, ரவிக்கைத் துணியை வாங்கி வைத்துக்கொண்டேன்.