பத்தரைக்குள் மாட்டிய இன்ஜின்

புது ரப்பரின் வாசனையும் பழைய கிரீஸின் வாசனையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? பெருங்களத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வெள்ளிக்கிழமை காலை முழுக்க அந்த வாசனைதான்...

அப்போது நான் எட்டாவது முடித்திருந்தேன். இப்போது ப்ளஸ் ஒன். ரொம்ப நாள் ஆகிவிடவில்லை. ஆனாலும் மறப்பதற்குள் எழுதி வைக்கத் தோன்றுகிறது.

அம்மாவுக்கு முதுகில் டிஸ்க் பிரச்சினை. சேர்ந்தாற்போல அரை மணி நேரம் உட்கார முடியாது. கம்பத்தில் ஞாயிற்றுக்கிழமை சித்திக்குக் கல்யாணம். அம்மாவின் ஒரே தங்கை. பஸ்ஸில் அவ்வளவு தூரம் போவதை நினைத்தே பார்க்க முடியாது. அதற்காகவே அப்பா ஒரு பழைய வேனை வாங்கி, பின் சீட்டுகளை எடுத்துவிட்டு, பலகை அடித்து மெத்தை போட்டார். சின்ன அடுப்பு, ஜன்னலுக்குத் திரை. கேம்பர் வேன்! அம்மா படுத்துக்கொண்டே வரலாம்.

எல்லாம் தயாரானபோது இன்ஜின் போய்விட்டது.

எங்கள் தெரு மெக்கானிக் ஜோசப் அண்ணா, அதே மாடலில் வேறொரு இன்ஜினைத் தேடிக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை காலை மாட்டி, மதியம் கிளம்ப வேண்டும். அப்பா ஒரு கண்டிஷன் போட்டார். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் இன்ஜின் ஒரு தடவையாவது ஸ்டார்ட் ஆகிவிட வேண்டும்.

"எனக்கு ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல. உங்களுக்காகத்தான் சார் ஓடுறேன்," என்று சிரித்தார் ஜோசப் அண்ணா.

இன்ஜினைத் தாங்குவது மூன்று மவுண்டிங். ஒவ்வொன்றிலும் இரண்டு இரும்புத் தகடு, நடுவில் ரப்பர். இன்ஜினின் நடுக்கத்தை அந்த ரப்பர்தான் விழுங்கிக்கொள்ளும். அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலை நான் லீவில் இரண்டு தடவை படித்திருந்தேன். (சிரிக்காதீர்கள்... வீட்டில் படிக்காத புத்தகம் வேறு எதுவும் மிச்சமில்லை.) மூன்று போல்ட்டையும் முதலில் கையாலேயே தளர்வாகப் போட வேண்டும். இன்ஜினை லேசாக ஆட்டி, அதன் எடை ரப்பர் மேல் சரியாக உட்கார்ந்த பிறகுதான் முறுக்க வேண்டும்.

பத்து மணி. ஜோசப் அண்ணா இடது பக்க போல்ட்டை ஒரேயடியாக முறுக்கிவிட்டார். வலது பக்கம் வந்தால், ஓட்டை பொருந்தவில்லை. அரை விரல் தள்ளி நின்றது.

அப்பா வாட்ச்சைப் பார்த்தார். "பத்து பன்னெண்டு, ஜோசப்."

ஜோசப் அண்ணா கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். போல்ட்டைச் சுத்தியலால் தட்டி இறக்கினார். ரப்பர், பிழிந்த ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது.

நான் பார்த்தேன். சொல்லவில்லை.

பத்து இருபத்தாறுக்கு ஸ்டார்ட் ஆனது. அப்பா கைதட்டினார். வாசலில் நின்றிருந்த அம்மா சிரித்தாள்.

நான் மெல்ல வேனுக்குள் ஏறி, அம்மா படுக்க வேண்டிய இடத்தில் படுத்தேன். பலகை வழியாக நடுக்கம் ஏறி வந்தது. இடுப்பு, முதுகு, பல் வரைக்கும். எனக்கே இப்படி என்றால்...

இறங்கி வந்து சொன்னேன். "அப்பா, மவுண்டிங் முறுக்கிகிட்டு இருக்கு. திரும்பக் கழட்டணும்."

"ஓட ஓட செட் ஆயிடும். நல்ல நேரத்துல ஸ்டார்ட் ஆன வண்டிய ராகு காலத்துல யாராவது கழட்டுவாங்களா? நீ உள்ள போ."

ஜோசப் அண்ணாவைப் பார்த்தேன். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நீங்களே சொல்லுங்க."

"பாப்பா... நேரமாச்சேன்னு நான்தான்..."

அம்மா வாசலிலிருந்து இறங்கி வந்தாள். ஸ்டூல் மேல் கால் வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேனுக்குள் ஏறிப் படுத்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் வெளியே நின்றோம். ஒரு நிமிஷம்கூட இருக்காது...

அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அப்பா உள்ளே போய்த் தூக்கி உட்கார வைத்தார். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது.

"கழட்டுங்க ஜோசப். இப்பவே," என்றாள் அம்மா.

"மணி பத்தே முக்கால்மா..." என்றார் அப்பா.

"என் முதுகுக்கு ரெண்டு வருஷமா ராகு காலம்தாங்க. இந்த ஒன்றரை மணி நேரத்துல புதுசா என்ன வந்துடப் போகுது?"

அப்பா போய் இன்ஜினை அணைத்தார்.

கட்டை வைத்து, ஜாக்கியில் இன்ஜினைத் தாங்கி, மூன்று போல்ட்டையும் எடுத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டினார்கள். நான் தரையில் படுத்து டார்ச் அடித்தேன்.

"கடப்பாரை போட்டதுல, மவுண்டிங் உட்கார்ற பிராக்கெட் வளைஞ்சிருந்தா அவ்வளவுதான் சார். இன்னைக்கு வேலை முடியாது."

அரை விரல் இடைவெளி பாதியாகக் குறைந்தது. இன்னொரு தடவை ஆட்டினார்கள்... வலது போல்ட் ஜோசப் அண்ணாவின் விரலுக்கே சுழன்று உள்ளே போனது. சுத்தியலும் இல்லை, ஸ்பேனரும் இல்லை. மற்ற இரண்டும் அப்படியே. ஜாக்கியை இறக்கி, எடை உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக முறுக்கினார்.

"திருப்தியா, மேனுவல் மேடம்?" என்றார். "நான் நெம்பும்போதே கத்தியிருக்கலாம்ல?"

நான் டார்ச்சை அணைத்தேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். நான் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். திண்டிவனம் தாண்டும்போது அம்மா தூங்கிப்போனாள். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. வலி இல்லாமல் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

அதற்குப் பிறகு ஆபரேஷன் ஆகி, அம்மா நன்றாக நடக்கிறாள். வேனை விற்றுவிட்டோம். போன வாரம் சித்தியின் குழந்தையைப் பார்க்க, பெருங்களத்தூரில் கம்பம் பஸ் ஏறினாள். தனியாக. சாதாரண சீட்டில்!

"நீ படிக்கிற வேலையப் பாரு. போய்ட்டு போன் பண்றேன்."

பஸ் போன பிறகும் ஜி.எஸ்.டி ரோட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். சந்தோஷம்தான். இதற்காகத்தானே எல்லாம்... ஆனால் திண்டிவனம் தாண்டும்போது அம்மா தூங்கினாளா என்பது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவருக்குத்தான் தெரியும்.