கெட்டால் வண்டி நிற்குமா?

அண்ணியை நினைத்தால் முதலில் கண்முன் வருவது பாறையில் மூக்கை முட்டிக்கொண்டு நின்ற எங்கள் பச்சை லாரிதான். ஜவ்வாது மலையிலிருந்து போளூர்ப் பக்கம் இறங்கும் சாலையில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று மேலே அது நின்றது. ரேடியேட்டர் தண்ணீர் வடிந்து தார் மேல் கறையாகக் காய்ந்திருந்தது. சாக்குகள் கிழிந்து, கொட்டை எடுத்த புளி சாலை முழுக்கச் சிதறிக் கிடந்தது. சுற்றி நின்றவர்கள் லாரியைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேராக அங்கே வந்திறங்கிய அண்ணி, நசுங்கிப்போன வண்டி முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குனிந்து புளியை அள்ளத் தொடங்கினார். "முதல்ல புளிய அள்ளுங்க. அது நம்முது இல்ல, ஊர்க்காரங்களுது" என்றார். அழுதுகொண்டிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரோடு குனிந்தார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் குடும்பம் மலையில் சாமையும் புளியும் விளைவிக்கிற குடும்பம். அண்ணன் மட்டும் இளம் வயதிலேயே கீழே இறங்கி, லாரிகளில் கிளீனராக இருந்து, ஓட்டக் கற்று, கடைசியில் ஏலத்துக்கு வந்த ஒரு பழைய மூக்கு லாரியை எடுத்துக்கொண்டு மலையேறி வந்தார். அதுவரைக்கும் மலைப் புளியெல்லாம் அடிவாரத்து மண்டிக்காரரின் லாரிகளில்தான் இறங்கும். லாரி அவருடையது, தராசு அவருடையது, சொல்லும் அவருடையது. அண்ணன் வண்டி வந்த பிறகு மலைக்காரர்கள் தங்கள் மூட்டைகளோடு தாங்களே கலசப்பாக்கம் சந்தைக்குப் போனார்கள். நாலு வியாபாரியிடம் கேட்டுப் பார்த்து, பிடித்தால் கொடுத்தார்கள், பிடிக்காவிட்டால் இன்னொரு கடைக்கு நடந்தார்கள். அந்த நடை மண்டிக்காரருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அப்போது நான் அவருடைய லாரி ஒன்றைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் தன் வண்டியை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார், தம்பி கையிலும்கூட.

விபத்துக்குக் காரணம் பிரேக். ஓட்டுநர் மிதிக்கிற அழுத்தத்தை எண்ணெய் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டர் அதற்கு முந்தைய மழைக்காலத்தில் கெட்டுப்போயிருந்தது. அந்த மாடலுக்குப் புதுசு கிடைப்பது கஷ்டம். அண்ணன் காயலான் கடையிலிருந்து ஒரு பழைய சிலிண்டரை வாங்கி, உள்ளே ரப்பரை மட்டும் மாற்றி, தன் கையாலேயே மாட்டினார். போதும் என்று நினைத்தார். சில மாதங்கள் போதுமாகத்தான் இருந்தது. முழுச் சுமையோடு இறங்கும்போது ஒரு நாள் மிதி அடிவரைக்கும் போய்விட்டது. ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கம் பாறை. அண்ணன் பாறையைத் தேர்ந்தெடுத்தார். மேலே மூட்டைகளின் மீது உட்கார்ந்திருந்தவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். அண்ணனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரமே மண்டிக்காரர் பழத்தோடு பார்க்க வந்தார். நலம் விசாரித்துவிட்டு, "அந்த வண்டிய இரும்புக்குப் போட்ருங்க. நானே எடுத்துக்கிறேன். இன்னொரு உசிரு போறதுக்குள்ள முடிச்சிடலாம்" என்றார். அண்ணன் தலையாட்டினார். அவருக்கு அந்த வண்டி கண்ணில் படவே கூடாது என்று இருந்தது. அது அவர் காலை எடுத்ததால் அல்ல. அந்தப் பழைய சிலிண்டரை மாட்டியது தன் கை என்பதால். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லாமலே எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அண்ணி பழத்தட்டை எடுத்து மண்டிக்காரர் முன்னாலேயே திரும்ப வைத்தார். "வண்டி எங்களுதுங்க. ஓட்றதா ஒடைக்கிறதான்னு நாங்க பாத்துக்கிறோம்" என்றார். குரல் உயரவில்லை. மண்டிக்காரர் போன பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க ஓட்டுவீங்களா?" என்று கேட்டார். ஓட்டுவேன் என்றேன். மறுநாள் மண்டியில் சாவியைக் கொடுத்தபோது மண்டிக்காரர் சிரித்தார். "அந்தப் பொணத்துக்கு டிரைவரா போறியா?" என்றார். சொல்ல வேண்டிய பதிலை அண்ணி செய்துகாட்டப் போகிறார் என்று எப்படியோ தோன்றியது.

லாரியைக் கட்டி இழுத்துப் போளூரில் ஒரு பட்டறையில் விட்டோம். வேலூர் காயலான் கடைக்கு அண்ணியும் நானும் பஸ்ஸில் போனோம். உடைத்துப் போட்ட வண்டிகளின் கதவுகள், அச்சுகள், சக்கரங்கள் என்று ஒரு தெருவே கிடக்கும் இடம் அது. பெண்கள் அங்கே வருவது அபூர்வம். கடைக்காரரான பாய் முதலில் என்னிடம்தான் பேசினார். அண்ணி ஒவ்வொரு சாமானையும் காட்டிக் கேள்வி கேட்கத் தொடங்கியதும் பாய் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணிக்கு இயந்திரம் ஒன்றும் தெரியாது. எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் ஒரே கேள்விதான்.

"பாய், இது கெட்டுப்போச்சின்னா வண்டி நின்னுடுமா, நிக்காம ஓடுமா?"

ரேடியேட்டர் கெட்டால் வண்டி நின்றுவிடும். அப்படியென்றால் பழசு போதும், எடுத்து வையுங்கள். டைனமோ? நின்றுவிடும். பழசு. கதவு? கதவு கெட்டால் என்ன, கயிற்றால் கட்டிக்கொள்ளலாம். பழசு. பச்சை லாரிக்கு நீலக் கதவு வந்தது அப்படித்தான். பிரேக் சிலிண்டரை எடுத்துக் காட்டியபோது பாய் கொஞ்சம் தயங்கினார். "இது கெட்டா நிக்காதும்மா" என்றார். "அப்ப அது இங்க வேணாம். அது புதுசு" என்று அண்ணி எழுந்துகொண்டார். பாய்க்கு வருத்தம் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்து, மெட்ராஸில் எந்தப் பக்கம் விசாரித்தால் அந்த மாடலுக்குப் புதுசு கிடைக்கும் என்று அவரே சொல்லி அனுப்பினார்.

மெட்ராஸில் சொல்லி வைத்தோம். சாமான் வரவில்லை. வரும் வரும் என்று நாட்கள் போயின. பழைய சாமான்களால் லாரி முக்கால்வாசி எழுந்து நின்றுவிட்டது, எஞ்சின் உறுமியது, ஆனால் அண்ணி அதை மலையேற விடவில்லை. மரங்களில் புளி உலுக்கி முடித்துவிட்டார்கள். கோடை மழை பிடித்தால் புளி கறுத்துவிடும், கறுத்த புளியை யாரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். மலையிலிருந்து ஆட்கள் பட்டறைக்கே வந்து கேட்டார்கள். பட்டறை மேஸ்திரி, "ஒரு பழைய சிலிண்டர தேய்ச்சி ரப்பர் மாத்திக் குடுக்கிறேன். இந்த சீசனுக்குப் போதும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான் செய்தார்கள். நானும்கூட, செய்துவிடலாம் அண்ணி என்றேன்.

"அவரும் போதும்னுதான் மாட்டினாரு" என்றார் அண்ணி.

சிலர் காத்திருக்க முடியாமல் மண்டிக்கே புளியைக் கொடுத்தார்கள். அண்ணியின் சொந்த அண்ணனே கொடுத்தார். அண்ணி யாரையும் குறை சொல்லவில்லை, தன் முடிவை மாற்றிக்கொள்ளவும் இல்லை. இன்று நினைத்தால் அந்தக் காத்திருப்புதான் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது. மண்டிக்காரரை எதிர்ப்பது ஒரு விதத்தில் சுலபம், அவர் எதிரில் நிற்கிறார். தன் பக்கத்து ஆட்களே, அன்போடும் அவசரத்தோடும், பரவாயில்லை என்று சொல்லும்போது மாட்டேன் என்று நிற்பது அவ்வளவு சுலபமில்லை. எத்தனையோ பேர் பிற்காலத்தில் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். பழைய இரும்புதான் இரும்பு என்பார்கள் சிலர். புதுசு போட வக்கில்லாதவன் வண்டி வைத்திருக்கக் கூடாது என்பார்கள் சிலர். இரண்டு கட்சியிலும் நான் சேரவில்லை. எங்களுக்குப் பழசு இல்லாமல் வண்டியே கிடையாது. ஆனால் இல்லாதவன் என்பதற்காக அவன் உயிருக்கும் பழசு போதும் என்று யாரும் சொல்லக் கூடாது. அண்ணி இதை இப்படிச் சொன்னதில்லை. அவர் நடந்துகொண்டதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

ஒருவழியாகச் சாமான் வந்தது. மாட்டி முடித்ததும் வெறும் வண்டியாக மலையேற்றினோம். ஊரில் நுழைந்தபோது அண்ணன் ஊன்றுகட்டையோடு வாசலுக்கு வந்தார். மறுநாள் காலை மூட்டைகளை ஏற்றினார்கள். ஏற்றியவர்கள் யாரும் உடன் வரத் தயாராக இல்லை, அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்து இருக்கையில் ஏறினார்.

"நீ ஏறினா நான் இந்த வூட்ல இருக்கமாட்டேன்" என்றார் அண்ணன்.

"இருங்க. சோறு ஆக்கி வெச்சிருக்கேன். சாயந்திரம் வந்துடுவோம்" என்றார் அண்ணி. பிறகு என்னிடம், "எடுங்க தம்பி."

இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வண்டியை முழுசாக நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். நின்றது. அந்தப் பாறை வந்தபோதும் நிறுத்தச் சொன்னார். பாறையில் பச்சைப் பெயிண்ட் இன்னும் ஒட்டியிருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ம், போலாம்" என்றார். அவர் கை முன்பலகையை இறுகப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவருக்கும் பயம் இருந்திருக்கிறது. பயத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர் அல்ல, கூட ஏற்றிக்கொண்டு வந்தவர்.

அடிவாரத்தில் டீக்கடை எதிரில் மண்டிக்காரர் தன் ஆட்களோடு நின்றிருந்தார். எங்கள் வண்டி எப்படி வந்து சேர்கிறது என்று பார்ப்பதற்காகவே நின்றிருக்க வேண்டும். அண்ணி அங்கேயும் நிறுத்தச் சொன்னார். மண்டிக்காரர் காலடிக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. அண்ணி நீலக் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"நின்னுச்சுங்களா? நல்லா பாத்துக்கோங்க."

மண்டிக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அந்த வருடமே மேலும் மூன்று நாலு ஊர்க்காரர்கள் எங்களிடம் மூட்டை ஏற்றினார்கள்.

அன்று மாலை நாங்கள் திரும்பியபோது அண்ணன் வீட்டில் இல்லை. கட்டையை ஊன்றி ஊருக்கு வெளியே சாலை வரைக்கும் வந்து ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். என்னிடம், "மிதி எப்படிடா இருந்திச்சி?" என்று மட்டும் கேட்டார். "கல்லாட்டம் இருந்திச்சிண்ணா" என்றேன். கையை நீட்டினார். வண்டிக்குள் தூக்கி ஏற்றினோம். வீடு வரைக்கும் தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் அந்த லாரி ஓடியது. வழியில் எத்தனையோ முறை நின்று போயிருக்கிறது. மிதித்து நிற்காமல் போனது ஒரு முறையும் இல்லை. இப்போது அந்தச் சாலையில் பெரிய பெரிய வண்டிகள் ஓடுகின்றன. புளி ஏற்ற யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அண்ணி மலையில்தான் இருக்கிறார், காது மந்தமாகிவிட்டது, பேச்சு மட்டும் அதேதான்.

எண்பதுகளின் பாதிக்கு மேல் எஞ்சின் இனித் தாங்காது என்று ஆனபோது, லாரியை வேலூருக்கே கொண்டுபோனோம். அண்ணனும் வந்தார். பாய் தலை நரைத்திருந்தார். ஆட்கள் கழற்றக் கழற்ற, எந்தச் சாமான் இன்னொரு வண்டிக்கு ஆகும் என்று அவர் தனித்தனியாக ஒதுக்கிக்கொண்டே வந்தார். பிரேக் சிலிண்டரைக் கழற்றியதும் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "இது நல்லா கீதும்மா. யாருக்காவது ஆவும்" என்றார்.

அண்ணி அதை அவர் கையிலிருந்து வாங்கித் தரையில் கிடந்த தண்டவாளத் துண்டின் மேல் வைத்தார். பக்கத்தில் இருந்த சம்மட்டியை எடுத்தார். அது உருளாமல் இருக்க அண்ணன் தன் ஊன்றுகட்டையை நீட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சிலிண்டர் விரிசல் விட்டுப் பிளக்கும் வரைக்கும் அண்ணி அடித்தார். பிறகு மூச்சு வாங்க அதைப் பாயிடம் நீட்டினார்.

"மத்ததையெல்லாம் சாமானா எடுத்துக்கோங்க பாய். இத மட்டும் இரும்பா எடை போடுங்க."