ராகுகாலம் பார்க்கும் நிரல்

தூத்துக்குடியில் கயிற்றுக்கடை வைத்திருக்கும் காசிலிங்கம், கைப்பேசிப் படங்களைத் தேதிவாரியாக அடுக்கும் நாற்பத்தொரு வரிக் கணினி நிரல் ஒன்றை எழுதி, விளக்கக் குறிப்போடு இணையத்தில் இலவசமாகப் போட்டார். அதைப் பயன்படுத்தியவர் ஒரே ஒருவர், நார்வேக்காரர். 2023 டிசம்பர் மூன்றாம் தேதி, மாலை நான்கு மணிக்கு அவரிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு வாரமாக நிரல் ஓடவில்லையாம். இன்றைக்குள் சரியாகாவிட்டால் வேறு நிரலுக்கு மாறிவிடுவாராம்.

கோளாறு காசிலிங்கத்துக்குப் புரிந்தது. ராகுகாலத்தில் தொடங்காதபடி நிரலைக் கட்டிவைத்திருந்தார். அதைக் கணக்கிட அந்தந்த ஊரின் சூரிய உதயம் வேண்டும். நார்வேக்காரர் ஊரிலோ நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதிவரை சூரியன் உதிப்பதில்லை. நிரல் உதயத்துக்காகக் காத்துக் கிடந்தது.

"ராகுகாலத்தத் தூக்கிருங்க. இருக்க ஒரு ஆளும் போயிருவாரு," என்றாள் மனைவி உமாராணி.

"ஏளா, அதுல தொடங்குன காரியம் உருப்படுமா? அவரு படம் அழிஞ்சா பழி எனக்குல்லா."

"சூரியனே வராத ஊருல ராகுவுக்கு என்ன சோலி?"

காசிலிங்கம் நாற்பத்திரண்டாவது வரியைச் சேர்த்தார்: உதயம் இல்லையென்றால் ராகுகாலமும் இல்லை.

திருத்தம் ஐந்தேகாலுக்கே முடிந்தது. "அனுப்புங்களேன்," என்றாள் உமாராணி.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம. நமக்கு ஆறு வர ராகுகாலம்."

ஆறு ஒன்றுக்கு அனுப்பினார். ஆறு நாலுக்குப் பதில் வந்தது: ஓடுகிறது.