நான்கு முறை தட்டிய கதவு

இது நடந்தது. காரைக்குடி செக்காலையில், போன வருஷத்து ஐப்பசி மழையில் நடந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர், "விஷவாயு மூளைக்கு ஏறினா இல்லாததெல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது சத்தியப்பிரியாவுக்குத் தெரியாததா? அவள் நர்ஸ். அயர்லாந்தில் ஐந்து வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள். செத்தவர்களைத் துடைத்துக் கட்டி அனுப்பிவிட்டு, கை கழுவிக் காபி குடிக்கிற தைரியசாலி. அவளே இன்றைக்கும் மூடிய கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டாள்.

கணவர் அங்கேயே வேலையில் இருந்தார். எட்டு வயது மகள் மகிழினியோடு இவள் மட்டும் ஊருக்குத் திரும்பினாள். வீடு பார்த்துக் கொடுத்தது அண்ணன் அருள்பாண்டி. அப்பா போன பிறகு இவளைப் படிக்க வைத்தவன் அவன்தான். கேஸ் அடுப்பு, கீசர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவன் தொழில்.

"மாடி வீடு. பாத்ரூம்ல கேஸ் கீசர் நானே மாட்டுனது. பைப்பத் தொறந்தா சுடுதண்ணி. நீ ஒண்ணும் யோசிக்காத ஆத்தா" என்றான். அவள் வீட்டைப் பார்க்கக்கூட இல்லை. அண்ணன் சொன்னால் போதும்.

வரும்போது ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் கொண்டுவந்திருந்தாள். வெள்ளை டப்பா, உள்ளங்கை அகலம். காற்றில் அந்த வாயு கூடினால் நான்கு முறை கத்தும். கொஞ்சம் நிற்கும். மறுபடி நான்கு முறை. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. காற்றோட்டம் இல்லாத அறையில் கேஸ் எரிந்தால் உண்டாகும். முதலில் தலைவலி, பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்காதவர்களை வார்டில் பார்த்திருக்கிறாள். அதனால் குடிவந்த அன்றைக்கே பாத்ரூமுக்கு வெளியே ஹால் சுவரில் அதை மாட்டினாள். வாரம் தவறாமல் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பாள். பேட்டரி புதிது. பின்பக்கம் அச்சிட்டிருந்த காலாவதித் தேதிக்கும் இன்னும் சில வருஷம் இருந்தது.

முதல் வாரமே அது கத்தியது.

மகிழினி குளித்துக்கொண்டிருந்தாள். சத்தியப்பிரியா கீசரை அணைத்தாள், ஜன்னல்களைத் திறந்தாள், பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். அங்கிருந்தே அண்ணனுக்கு ஃபோன் செய்தாள்.

வந்தான். கீசரைத் திறந்து பார்த்தான். முகமெல்லாம் வியர்வை.

"கீசர்ல ஒண்ணுமில்ல. உன் மிசின்தான் கோளாறு. குளிருக்குச் செஞ்சது, நம்மூரு வெக்கைக்குத் தாங்குமா? குடு, பாத்துத் தாரேன்."

"கீசரையும் நல்லாப் பாருங்கண்ணே. புகை வெளிய போக வழியே வைக்கலையே."

"இருவது வருசமா இதான் பொழப்பு. எனக்குத் தெரியாதா?"

மறுநாள் அவனே அலாரத்தைக் கொண்டுவந்து மாட்டினான். அவள் பட்டனை அழுத்தினாள். காது கிழியக் கத்தியது. பச்சை விளக்கு மினுக்கியது. அண்ணன் சரியாகத்தான் செய்திருக்கிறான் என்று நிம்மதியானாள்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

ஒரு மத்தியானம். மகள் பள்ளிக்கூடத்தில். சத்தியப்பிரியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

டக்... டக்... டக்... டக்.

கையை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

டக்... டக்... டக்... டக்.

பாத்ரூம் கதவு. உள்ளே இருந்து.

போய்த் தள்ளினாள். திறக்கவில்லை. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. இறங்கிப் போய்க் கீழ்வீட்டு நாகவல்லியைக் கூட்டிவந்தாள். வந்து பார்த்தால் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே தரை காய்ந்திருந்தது.

நாகவல்லி நிலைப்படியைத் தாண்டவில்லை.

"உங்கண்ணன் ஒண்ணுமே சொல்லலையா?"

"எதை?"

"ஒண்ணுமில்ல... அடுப்புல பால் வச்சுட்டு வந்தேன்." வேகமாக இறங்கிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, ஹாலில் ஈரக் கால்தடம். ஆத்தங்குடிக் கல் பதித்த பளபளப்பான தரை. ஒவ்வொரு விரலும் தெளிவாகத் தெரிந்தது. மகிழினியின் கால் அல்ல. பெரிய கால். பாத்ரூமிலிருந்து நேராக வந்து, அலாரத்துக்குக் கீழே நின்றிருந்தது.

திரும்பிப் போன தடம் இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். அலாரத்தின் மேல் ஐந்து ஈர விரல்கள் பதிந்திருந்தன. துணியால் துடைத்தாள். பட்டனை அழுத்தினாள். கத்தியது. அது நன்றாக இருக்கிறது, நமக்குத்தான் ஏதோ என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மகிழினி குளிக்க மாட்டேன் என்றாள்.

"ஏன்டி?"

"உள்ள ஒரு அக்கா நிக்கிறாங்க. என்னைய வரவேணாம்னு கைய ஆட்டுறாங்கம்மா."

அண்ணனுக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அதுக்காக வீட்டக் காலி பண்ணிற மாட்டேல்ல?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீக?"

"சும்மாதான். அதெல்லாம் பிரமை. இருந்து பழகு ஆத்தா."

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. சாரல் அடிக்கிறது என்று எல்லா ஜன்னலையும் சாத்தியிருந்தாள். விளக்கு வைக்கிற நேரம். மகிழினி மழையில் நனைந்து வந்திருந்தாள். பயந்தவளைச் சமாதானம் செய்து சுடுதண்ணீரில் குளிக்க அனுப்பிவிட்டு, சத்தியப்பிரியா அடுப்படியில் தோசை ஊற்ற நின்றாள்.

தலை லேசாக வலித்தது. வேலை அலுப்பு என்று நினைத்தாள்.

கண்ணைச் சுழற்றியது. கொஞ்சம் உட்காரலாம் என்று தரையில் உட்கார்ந்தாள். தோசை கருகும் வாசனை வந்தது. எழ வேண்டும். கால் எழவில்லை.

ஏதோ தப்பு...

ஹால் சுவரைப் பார்த்தாள். அலாரம் சும்மா இருந்தது. பச்சை விளக்கு. மினுக்... மினுக்... அப்படியானால் ஒன்றுமில்லை. கண்ணை மூடினாள்.

டக்... டக்... டக்... டக்.

பாத்ரூமில் இல்லை. அவள் சாய்ந்திருந்த சுவரில். காதுக்குப் பக்கத்தில்.

டக்... டக்... டக்... டக்.

அலாரம் கத்துகிற அதே கணக்கு.

தவழ்ந்தாள்.

"மகி..."

பதில் இல்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள். இடித்தாள். கையில் பலம் இல்லை.

"மகி... கதவத் தொற..."

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது.

கிறீச்...

கதவு திறந்தது.

மகிழினி தூர மூலையில், குழாய்க்கு அடியில் மயங்கிக் கிடந்தாள்.

கதவருகே யாரும் இல்லை.

பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். ஹாலைத் தாண்டி, வாசலைத் தாண்டி, மாடிப்படிக்கு வந்துவிட்டாள். மழை முகத்தில் அடித்தது. "நாகவல்லி அக்கா..." என்று கத்தியது மட்டும்தான் நினைவு.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்து இரண்டு பேரையும் பிழைக்க வைத்தார்கள். கண் விழித்ததும் மகிழினி கேட்ட முதல் கேள்வி, "கதவத் தொறந்த அக்கா எங்கம்மா?"

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகவல்லி அதற்கு மேல் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு சொன்னாள்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பாண்டீஸ்வரின்னு ஒரு பொண்ணு அங்க குடியிருந்துச்சு. கல்யாணம் ஆகி ஆறே மாசம். குளிக்கப் போனது வரல. நெஞ்சுவலின்னு சொல்லி எரிச்சுட்டாக. கீசர் மாட்டி ரெண்டு நாளு கூட ஆகலம்மா. உங்கண்ணன் சொல்லலைன்னு தெரிஞ்சும், பயத்துல நான் வாயத் தொறக்கல."

வீட்டுக்குத் திரும்பியதும், எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டு, சத்தியப்பிரியா அலாரத்தைக் கழற்றினாள். திருகாணியை எடுத்து மூடியைத் திறந்தாள். காற்று உள்ளே போகிற சிறு துளைகள் ஒவ்வொன்றும் உள்பக்கமாக அடைபட்டிருந்தன. பாத்ரூம் இடுக்கை அடைக்கிற வெள்ளை சிலிக்கான் பசை. மேலே கட்டைவிரலால் நீவிவிட்ட ரேகை.

விளக்கு எரியும். பட்டனை அழுத்தினால் கத்தும். பட்டன் சத்தத்தை மட்டும்தானே சோதிக்கும்? வாயு உள்ளே போகவே வழி இல்லை.

அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் முதல் நாள் பள்ளிக்கூடம் போனாள்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் அவன் மட்டும். அலாரத்தை அவன் முன்னால் வைத்தாள். அவன் மறுக்கவில்லை.

"அது கத்திக்கிட்டே இருந்தா நீ காலி பண்ணிட்டுப் போயிருவ. அதான்..."

"என் பிள்ளை செத்திருக்கும்ணே."

"கீசரச் சரி பண்ணிட்டேன்னுதான் நெனச்சேன், சத்தியமா."

"நான் ஏன் அங்க இருக்கணும்? அதைச் சொல்லுங்க."

அவன் தலையைத் தூக்கவில்லை.

"அந்தப் பொண்ணு செத்தப்ப நான் மொட்டமாடில டேங்க் வால்வ மாத்திக்கிட்டு இருந்தேன். உள்ளருந்து தட்டுச்சு. நாலு தட்டு... அப்பறம் நாலு தட்டு. தண்ணி வரலன்னு கூப்புடுறா போலன்னு நெனச்சேன். சாமான் வாங்கக் கடைக்குப் போயிட்டேன். எரிச்ச அன்னைக்கு ராத்திரியே இந்த வீட்டுல தட்ட ஆரம்பிச்சுச்சு. ரெண்டு வருசம் ஆத்தா. உங்க அண்ணிக்குக் கேக்காது. எனக்கு மட்டுந்தான். அந்த வீட்டுல யாராச்சும் குடிவந்தா அங்குட்டே போயிரும்னு ஒருத்தர் சொன்னாரு. யாரும் வரமாட்டேன்னுட்டாக."

"அதுக்கு நானா?"

"நீ சாமான் எறக்குன அன்னைக்கு நின்னுருச்சு. அன்னைக்குத்தான் தூங்குனேன்."

அவள் எழுந்தாள். அன்று காலையிலேயே செக்காலை வீட்டைக் காலி செய்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்திருந்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது, வீட்டுக்குள்ளிருந்து...

டக்... டக்... டக்... டக்.

அருள்பாண்டி விறைத்துப்போனான். மெல்ல அவள் பக்கம் திரும்பினான்.

"பிரியா... உனக்கு எதுவும் கேக்குதா?"

மறுபடி நான்கு முறை. அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"இல்லையேண்ணே" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.