விடுமுறைக்கும் அங்கேயே நிற்கலாமா

இந்த நாட்டுக்கு வந்து இத்தனை காலமாகியும் எனக்குப் பழகாத சின்னச் சங்கதி ஒன்று இருக்கிறது. எந்தக் கதையையும் முடிக்கிற நேரத்தில் வெள்ளைக்காரர், "எனி குவெஸ்ஷன்ஸ்?" என்று கேட்பார்கள். பல்லுப் பிடுங்குகிற டொக்டர் கேட்பார். வங்கியில் கணக்குத் திறந்து தருகிற பெண் கேட்பாள். நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதிக்குப் புது யந்திரம் வந்தால், அதை இயக்கிக் காட்டிவிட்டு மேற்பார்வையாளர் கேட்பார். இல்லை என்பதுதான் அதற்கு முறையான பதில் என்று விளங்கவே எனக்குச் சில வருடம் எடுத்தது. இல்லை என்றதும் அவர்கள் முகம் மலர்ந்து எழும்பிவிடுவார்கள். எனக்கோ வாய் நிறையக் கேள்வி இருக்கும். அந்த யந்திரத்துக்குள் கை அகப்பட்டால் யார் நிற்பாட்டுவது? பிடுங்கின இடத்தில் இரவு இரத்தம் வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து என் மனைவி தவத்திடம் கேட்பேன். "என்னட்டக் கேட்டு? நானோ உங்கட பல்லைப் பிடுங்கினது?" என்பாள்.

ஊரில் கேள்வி உண்டா என்று யாரும் விசாரிப்பதில்லை, எல்லாரும் கேட்டுவிடுவார்கள். திரியாயில் பஸ் ஏறித் திருகோணமலைப் பட்டினத்தில் இறங்குவதற்குள், பக்கத்துச் சீட்டுக்காரருக்கு நீங்கள் யாருடைய பிள்ளை, என்ன சம்பளம், வீட்டில் மூத்தவளுக்கு ஏன் இன்னும் ஒன்றும் பொருந்தவில்லை என்பதெல்லாம் தெரிந்திருக்கும். அதை வம்பென்று நாங்கள் நினைத்ததில்லை. கேட்காமல் போகிறவரைத்தான், என்ன கோபமோ என்று யோசிப்போம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊரிலிருந்து பெரிதாக எதையும் கொண்டுவரவில்லை. ஒருவர்மேல் அக்கறை இருந்தால் கேட்கவேண்டும் என்ற இந்த ஒன்றைக் கொண்டுவந்தேன். அதை முழுதாக என் மருமகள் ரஞ்சினியின் தலையில் இறக்கினேன்.

ரஞ்சினி என் அக்காவின் மகள். தெற்கே ஒரு கம்பஸில் ஒரு வருடம் இரசாயனம் படித்தவள். நாட்டில் குழப்பம் வந்து ஒரு பையோடு வீட்டுக்கு ஓடிவந்தவளை, அக்கா திரும்பிப் போக விடவில்லை. "தம்பி, உன்னை நம்பித்தான் அனுப்புறன்" என்று என்னிடம் அனுப்பிவிட்டார். எங்கள் சின்ன நகரத்துக் கல்லூரியில் ஒரு வருடம் படித்தாள். கெட்டிக்காரி. அங்கிருந்து மாறி, வடக்கே ஒரு யூனிவேர்சிற்றியில் இரண்டாம் வருடத்தில் சேர எழுதிப்போட்டாள். வந்து கதைத்துவிட்டுப் போகும்படி பதில் வந்தது.

அந்த ஒரு வருடம் அவள் எங்கள் வீட்டில் இருந்த விதத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். முன் ஹோலில், ரெலிவிஷனுக்கு எதிரே ஒரு மடக்குக் கட்டிலில் படுத்தாள். அந்த அறைக்குக் கதவு இருந்தது, பூட்டத் திறப்பு இல்லை. எங்கள் சின்னவன் ஒருமுறை உள்ளே பூட்டிக்கொண்டு கத்தியதில் வீட்டுத் திறப்புகள் எல்லாவற்றையும் கழற்றி அலுமாரிக்குள் போட்டிருந்தேன். பத்து மணிக்கு ஹீற்றரை நிற்பாட்டி, விளக்கெல்லாம் அணைத்து, காஸ் மணக்கிறதா என்று குசினியை ஒருமுறை மோந்து பார்த்தால்தான் எனக்கு நித்திரை வரும். இன்னும் கொஞ்சம் படிக்கவேண்டும் என்று அவள் சொன்னால், "கண் பழுதாப்போம் பிள்ளை, விடிய எழும்பிப் படி" என்பேன். கதவு ஓட்டைக்குள்ளால் விழுகிற கடிதத்தை யார் முதலில் எடுக்கிறாரோ அவர் பிரிப்பார். ஊரில் கடிதம் வீட்டுக்குத்தான் வரும், ஆளுக்கல்ல. பின்னேரம் வந்ததும் என்ன சாப்பிட்டாய், ஏன் மிச்சம் விட்டாய், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தது யார் என்று கேட்பேன். பஸ் பிந்தினால் குடையோடு சந்தியில் போய் நிற்பேன். ஒருநாள் அவள் கூடப் படிக்கிறவர்களோடு சிரித்துக்கொண்டு இறங்கினாள். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"மழைக்க ஏன் மாமா நிக்கிறியள்? எனக்கு வழி தெரியும்தானே."

"உனக்கு வழி தெரியும் பிள்ளை. வழியில போற ஆக்களை எனக்குத் தெரியாதே."

அவள் மறுபடியும் சிரித்தாள். சிரித்தபடியால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

யூனிவேர்சிற்றிக்குத் தனியே போய் வருவேன் என்றாள். ஏலாது என்று சொல்லிவிட்டேன். இருக்கிற ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு விடிய வெளிக்கிட்டபோது தவம் வாசலில் நின்று பார்த்தாள். "இஞ்சாருங்கோ, பொம்பிளை பாக்கப் போறவர் மாதிரியெல்லோ நிக்கிறியள். கேள்வி கேட்டே அந்த ஆக்களைத் துரத்திப்போடாதேங்கோ." ரயிலில் நான் கேட்கவேண்டியதை எல்லாம் மனதுக்குள் இங்கிலிஷில் அடுக்கிக்கொண்டு வந்தேன். விடுதியில் ஆண்களும் பெண்களும் ஒரே கட்டடமா? இரவில் வாசலில் காவல் உண்டா? மாட்டிறைச்சி சமைக்கிற சட்டியிலேயே மற்றதையும் சமைப்பார்களா? காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது?

எங்களை அழைத்த விரிவுரையாளர் வயதான ஒரு வெள்ளைக்கார அம்மா. சப்பாத்தில் சேறு, கம்பளிச் சட்டையின் முழங்கையில் ஓட்டை. இவரா இரசாயனம் படிப்பிக்கிறவர் என்று யோசித்தேன். அவருடைய மேசைக்குக் கீழே பெரிய நாயொன்று கிடந்தது. நான் கதிரையில் இருந்ததும் அது நகர்ந்து வந்து என் சப்பாத்தின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. கந்தோருக்குள் நாய். காலை எடுத்தால் கடிக்குமோ என்று அசையாமல் இருந்தேன். அம்மா என்னிடம் ஏதோ கேட்கத் தொடங்கினார். ரஞ்சினி குறுக்கிட்டு இங்கிலிஷில் சொன்னாள்: "மாமாவுக்கு இங்கிலிஷ் அவ்வளவாக விளங்காது. அவர் சும்மா இருக்கட்டும்."

விளங்காது என்று அவள் உண்மையாகவே நினைத்திருக்கலாம். வீட்டில் நான் இங்கிலிஷ் பேசுவதில்லை. ஆனால் நான் பதினைந்து வயதில் வேலைக்குப் போன இடம் திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படை ஒபிஸர்மாரின் மெஸ். அவர்கள் சாப்பிடும்போது கதிரைக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையோடு நிற்பது என் வேலை. அவர்கள் மனைவிமாரைப் பற்றி, மேலதிகாரியைப் பற்றி, எங்களைப் பற்றியும் கதைப்பார்கள். நாங்கள் எல்லாம் கேட்டுக்கொண்டு, ஒன்றும் கேளாத முகத்தோடு சூப் ஊற்றவேண்டும். கடற்படைத் தளத்தை எங்கள் அரசாங்கத்திடம் கையளித்துவிட்டு அவர்கள் போன பிறகு, தேயிலை ஏற்ற வந்த ஒரு கப்பலில் குசினி வேலைக்கு ஏறித்தான் நான் இங்கே வந்தேன். அந்த முகத்தையும் கொண்டுதான் வந்திருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

பாடங்களைப் பற்றிய கதை சீக்கிரம் முடிந்தது. இங்கத்தைய வாழ்க்கையைப் பற்றி ஏதும் கேட்கவேண்டுமா என்று அம்மா கேட்டார். ரஞ்சினி இல்லை என்று சொல்லவில்லை. கதிரையில் முன்னுக்கு வந்து இருந்தாள்.

அறைக்குத் தனித் திறப்புத் தருவீர்களா, அது உள்ளேயிருந்து பூட்டுமா என்று முதலில் கேட்டாள். தருவோம் என்றார் அம்மா. விளக்கை இரவு எத்தனை மணிவரை எரியவிடலாம் என்று கேட்டாள். விரும்பியவரை என்று பதில் வந்தது. கடிதங்களை யார் கையில் கொடுப்பார்கள்? அவரவர் பெயர்ப் பெட்டியில் போடுவார்கள். வெளியே போகும்போது யாரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும்? ஒருவரிடமும் வேண்டாம். ஒருநேரம் சாப்பிடாமல் விட்டால் காரணம் கேட்பார்களா? இந்தக் கேள்விக்கு அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்கள் ஊர் விடுதிகள் கன்னியாஸ்திரி மடம்போல இருக்கும்போலிருக்கிறதே" என்றார்.

ரஞ்சினி ஒரு கணம் தயங்கினாள். "ஆம்" என்றாள். "அங்கே மிகவும் கண்டிப்பு."

அவளுடைய பழைய கம்பஸ் விடுதியைப் பற்றி எனக்குத் தெரியும். தவத்துக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தபடி அவள் சொன்ன கதைகளை நான் கேட்டிருக்கிறேன். படிக்கட்டில் வரிசையாக இருந்து பெட்டைகள் பாட்டுப் பாடுவார்களாம். விடுதிப் பொறுப்பாளரும் வந்து இருந்து பாடுவாவாம். அந்த விடுதியில் அவளை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டவன் நான். என் வீட்டை மறைக்க அவள் ஊரைக் காட்டிக்கொடுத்தாள். அந்த வெள்ளைக்கார அம்மா இன்றைக்கும் எங்கள் நாட்டு விடுதிகளைச் சிறைக்கூடம் என்று எண்ணிக்கொண்டிருப்பார். என் காது சுட்டது. எழும்பி வெளியே போகலாம் என்றால் நாய் காலை விடவில்லை.

கடைசிக் கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"விடுமுறைக்கும் அங்கேயே நிற்கலாமா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் சூப் ஊற்றுகிற முகத்தோடு இருந்தேன். நிற்கலாம், ஆனால் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், நத்தார்ப் பண்டிகை நேரம் கட்டடம் வெறுமையாக இருக்குமே, தனிமையாக இராதா என்று கேட்டார். "பரவாயில்லை" என்றாள் ரஞ்சினி.

எனக்கு ஒரு தீபாவளி ஞாபகம் வந்தது. பட்டினத்தில் பள்ளிக்கூடம் போன காலத்தில் நான் பெரியப்பா வீட்டில் இருந்தேன். நல்ல மனிசன், ஆனால் கேள்விக்காரர். அந்த வீட்டால் வெளிக்கிடத்தான் படிப்பை விட்டேன் என்று சொன்னால் எனக்கு மரியாதையாக இருக்கும். உண்மையில் கணக்கு ஓடாமல்தான் விட்டேன். ஆனால் மெஸ்ஸில் வேலை கிடைத்து, வேலைக்காரர் வரிசையில் எனக்கென்று ஒரு கட்டில் தந்தபோது பட்ட சந்தோசம் பொய்யில்லை. அந்தத் தீபாவளிக்கு, மெஸ்ஸில் வேலை இருக்கிறது, வர ஏலாது என்று பெரியப்பாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டு அங்கேயே கிடந்தேன். வேலை ஒன்றும் இருக்கவில்லை. வாடைக்காற்றும் மழையும். எல்லாரும் ஊருக்குப் போனபடியால் அடுப்பு மூட்டவில்லை. தகரக் கூரை ஒழுகி, போர்வை நனைந்து, பிஸ்கட்டைத் தின்றுகொண்டு நடுங்கினேன். நடுங்கினாலும் பெரியப்பா வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினார். செவிடனுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக உரத்து, "உங்களுக்கு, எனி குவெஸ்ஷன்ஸ், சேர்?" என்றார். ரயிலில் அடுக்கியதெல்லாம் எங்கோ போய்விட்டது. மெஸ்ஸில் பழகிய இங்கிலிஷ்தான் வாயில் வந்தது.

"மேடம், விடுமுறைக் காலத்திலும் அறைக்கு ஹீற்றர் போடுவீர்களா?"

அவர் திகைத்து, நிச்சயமாகப் போடுவோம் என்றார். நான் ரஞ்சினியைப் பார்க்கவில்லை. நாய்க்குப் பக்கத்தில் அவளுடைய இரண்டு கால்களும் கதிரைக்குக் கீழே ஒடுங்குவது தெரிந்தது.

 திரும்பி வரும் ரயிலில் அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"மாமா, எல்லாம் விளங்கினதோ?"

"நாய் காலில படுத்திருந்தது. அதைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"நான் உங்களைப் பற்றிக் குறையாக் கதைக்கேல்ல."

"இல்லையம்மா. நீ கேள்விதானே கேட்டனீ."

அவள் கண்ணைத் துடைத்தாள். பசிக்குதா என்று கேட்க வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன். குறையாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

இடம் கிடைத்தது. ஆனால் "தம்பி சொன்னாச் சரி" என்று அக்கா இருந்தபடியால் என் சொல்லில்தான் எல்லாம் நின்றது. நல்ல இடம், அனுப்புவோம் என்று எழுதினேன். விடுமுறைக்கெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றும் எழுதினேன். அப்படி எழுதாவிட்டால் அக்கா விடமாட்டார். அதோடு, தாய்மாமன் வீடு இருக்கப் பிள்ளை வெறுங் கட்டடத்தில் நிற்கிறாள் என்று பட்டினத்தில் நாலு பேர் கதைப்பதை நினைக்கவே எனக்கு உடம்பு கூசியது. எந்தக் காரணத்துக்காக அந்தப் பொய்யை எழுதினேன் என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல ஏலாது. இப்போது ரஞ்சினி படித்து முடித்துவிட்டாள். இனி அவளை ஒருவரும் பாதியில் இழுத்தெடுக்க முடியாது என்றபடியால்தான் இதை எழுதுகிறேன். அக்கா வாசித்தால் வாசிக்கட்டும். வாயால் சொல்ல எனக்கு வெட்கம்.

அந்த முதல் நத்தார் விடுமுறைக்கு அவள் வரவில்லை. சுகமாக இருக்கிறேன், அறை நல்ல சூடு என்று இரண்டு வரி எழுதியிருந்தாள். இங்கிலிஷ் வருடப்பிறப்பன்று காலை ரெலிபோன் அடித்தது. அக்கா. பட்டினத்துத் தபாற்கந்தோரில் பதிவு செய்து, காத்திருந்து எடுத்திருக்கிறார். முதல்தடவையாக எடுத்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"தம்பி, சுகமே? பிள்ளையைக் குடு, ஒருக்காக் கதைப்பம்."

நான் தவத்தைப் பார்த்தேன். அவள் குசினி வாசலில், கையில் மாவோடு நின்றாள்.

"அக்கா, அவள் குளிக்கிறாள்."

"உந்தக் குளிருக்குள்ளயோ? நீ என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

"சுடுதண்ணிதான் அக்கா."

 கம்பிக்குள் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அக்காவின் குரல் மாறியது.

"தம்பி, அவள் உங்கதானே நிக்கிறாள்? கூப்பிடு பாப்பம். நான் கேக்கக் கூப்பிடு."

ரிசீவரைப் பிடித்தபடி குசினிப் பக்கம் திரும்பி, "ரஞ்சினி, அம்மா கூப்பிடுறா" என்று உரத்துச் சொன்னேன். வீட்டில் இல்லாத பிள்ளையை அப்படிக் கூப்பிட்டபோது என் குரலே எனக்குப் பிறத்தியாருடையதாகக் கேட்டது. தவம் உள்ளே போய், தொட்டிக்குள் ஒரு சருவச்சட்டியைக் கவிழ்த்து வைத்து, தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். வீடு முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது.

"ஓம், ஓம், தண்ணிச் சத்தம் கேக்குது" என்றார் அக்கா. "விடு தம்பி, கூப்பிடாதை. தலை துவட்டாமல் ஓடி வந்தால் தடிமன் பிடிச்சுப்போடும். ஆறுதலாக் குளிக்கட்டும். உன்ர வீட்டில நிக்கிறாள் எண்டாலே எனக்குக் காணும்."

அத்தோடு இணைப்பு அறுந்துவிட்டது. தவம் குழாயைப் பூட்டவில்லை. நானும் பூட்டச் சொல்லவில்லை. ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரோ குளித்துவிட்டு வரும்வரை காத்திருப்பவனைப்போல அந்த ஹோலிலேயே நின்றேன்.